தலைகீழாய் ஒட்டிய பத்திரிகை

பதுளைக் கடைவீதியில் யாரோ சுவரில் விளம்பரம் ஒட்டிக்கொண்டிருந்தார். மாவுப் பசையின் புளித்த வாசனை பட்டதும், இன்று இல்லாமல் போய்விட்ட எங்கள் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்து அறைக்குள் போய் நின்றேன். சுவர் வெடிப்பில் புகும் குளிர்காற்றை அடைக்க, முஸ்லிம் நானாவின் மளிகைக் கடையில் கேட்டு வாங்கிய பழைய பத்திரிகைகளை அப்பா சுவர் முழுக்க ஒட்டியிருந்தார். எழுத்து தெரியாததால் அத்தனையும் தலைகீழாக.

கங்காணி வீட்டுப் பிள்ளைகளோடு சிறுவயதில் எழுத்துப் பழகிய அம்மா, விடியற்காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டிலிருந்து கூடையும் மலையுமாய் நின்றே பகலைக் கழித்துவிட்டு வந்து, அடுப்பு மூட்டுமுன் சுவரோரம் தலைவைத்து மல்லாந்து படுப்பாள். கழுத்தை வளைத்துப் பார்த்தால் எழுத்தெல்லாம் நேராகிவிடும். பிள்ளைகள் நாங்களும் வரிசையாகப் படுத்துக்கொள்வோம். நாள் தவறாமல் படிப்பாள். கொழுந்துக்கறை ஏறிய அவள் விரல் போகுமிடமெல்லாம் கப்பல்கள் கரைசேர்ந்தன, எங்கோ ராஜாக்கள் முடிசூடினார்கள், பார்த்திராத ஊர்களில் மழை கொட்டியது. மூச்சுவிட மறந்து கேட்டிருப்பேன்.

தலைகீழாக ஒட்டிவிட்டது தெரிந்த அன்று அப்பா கூசிப்போனார்.

"பிச்சிட்டு நேரா ஒட்டிரவா, புள்ள?"

அம்மா எழுந்திருக்கவில்லை.

"வேணாங்க. நேரா ஒட்டினா இதையும் நின்னுக்கிட்டுல்ல படிக்கணும்."