பின் சக்கரத்துக் கசிவு

1967, அக்டோபர்.
செவ்வாய்: காரின் இடது பின் சக்கரம் உட்புறம் நனைந்திருந்தது. பிரேக் பெடல் தரைவரை இறங்கியது.
வியாழன்: சக்கரம் கழற்றப்பட்டுப் பழுது பார்க்கப்பட்டது.
சனி: சோதனை ஓட்டத்தில் வண்டி வலப்புறம் இழுத்தது. திங்கட்கிழமைப் பயணம் ஒத்திவைக்கப்பட்டது.
புதன், காலை: என் மனைவி வீட்டில் இறந்தாள்.
அடுத்த ஞாயிறு: கசிவு நின்றது.

நடந்தவை இவ்வளவே. இனி எழுதுவது, இவற்றுக்கு நடுவே பேசப்பட்டவற்றையும் பேசப்படாதவற்றையும் பற்றி.

அவளுக்கு இதய வால்வு சுருங்கியிருந்தது. வேலூரில் அறுவை செய்யலாம் என்றார்கள். திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள். மாரிகுப்பம் ரயிலில் ஏறிப் பங்காருபேட்டையில் படியேறி இறங்கி வண்டி மாறும் நிலையில் அவள் இல்லை. படுத்தபடியே அழைத்துப் போங்கள் என்று டாக்டர் சொன்னார். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் அரசு வசமானபோது ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் வாங்கிய பழைய கார் எங்களிடம் இருந்தது. அதில் போவது என்று முடிவாயிற்று. வழியில் பேரணாம்பட்டு மலை இறக்கம் உண்டு. பிரேக் இல்லாமல் அதில் இறங்க முடியாது.

பழுது பார்க்க வந்தவன் அவளுடைய தம்பி. சுரங்கத்துக்குள் பம்ப் ஃபிட்டர். எங்கள் ஆண்டர்சன்பேட்டை வீட்டு வாசலில் சக்கரத்தின் பிரேக் டிரம்மைக் கழற்றியதும் விரலால் தொட்டு முகர்ந்தான்.

"ரெண்டு எடத்துல ஒழுவுது மாமா. இது பிரேக் ஆயில். இந்த நாத்தம் புடிச்சது ஆக்சில் ஆயில், ஹப்பு வழியா வருது. பிரேக் கட்டை ரெண்டும் ஊறிப்போய்க் கீது."

பிரேக் சிலிண்டரின் ரப்பர்களும் புதிய கட்டைகளும் பங்காருபேட்டைக் கடையில் கிடைத்தன. சக்கரத்தின் நடுவே ஹப்பில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையமான ஆயில் சீல் கிடைக்கவில்லை. பெங்களூரிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றார் கடைக்காரர். சொல்லிவைத்துவிட்டு வந்தோம்.

மச்சான் காத்திருக்கிறவன் அல்லன். பம்புகளின் தண்டைச் சுற்றி அடைக்கும் கிராஃபைட் தடவிய சணல் கயிற்றைக் கொண்டுவந்தான். அதை அளந்து வெட்டி, வளையமாக்கி, ஹப்புக்குள் தட்டி இறக்கினான். நன்றாக இறுக்கு என்றேன்.

"இறுக்கக் கூடாது மாமா. பம்புல ஒரு சொட்டு வுட்டுக்கினே இருக்கணும். அடியோட நிறுத்தினா சூடேறி எரிஞ்சி பூடும். சொட்டுற பம்புதான் நல்ல பம்பு."

அவன் சொன்னது பம்புக்கு முற்றிலும் உண்மை. நிலத்தடியில் அந்த ஒரு சொட்டை நம்பித்தான் அவர்கள் வேலை செய்தார்கள். சொட்டாத பம்பைக் கண்டால் ஃபிட்டர்கள் பயந்தார்கள். காரில் அந்தச் சொட்டு விழும் இடம் பிரேக் கட்டை என்பது அவனுக்குத் தோன்றவில்லை. பள்ளியில் இயற்பியல் கற்பித்துவந்த எனக்கும் தோன்றவில்லை.

உள்ளறைக் கட்டிலில் இருந்தபடி அவள் கேட்டாள்: "இன்னாடா, மாமா காரை ரிப்பேர் பண்ணச் சொன்னா, சொரங்கத்து லெவல்ல தண்ணி எறைக்கிற மாதிரி ஒக்காந்துனு கீற?"

"நீ சும்மா படுத்துக்கோக்கா. வேலூர் வரைக்கும் ஒன்னை எறைச்சே கொண்டு போய்ச் சேத்துடறேன்."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. அவன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, இருமல் நிற்கும்வரை சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை கடைத்தெரு வரை ஓட்டிப்பார்த்தோம். முதலில் பிரேக் நன்றாகப் பிடித்தது. திரும்பும்போது சரிவில் அழுத்தினேன். வண்டி வலப்பக்கம் பாய்ந்தது. வீட்டுக்கு வந்து டிரம்மைக் கழற்றினோம். இடப்பக்கப் புதுக் கட்டைகள் எண்ணெயில் மின்னின. இந்த வண்டியில் மலை இறங்க முடியாது என்றேன். வியாழக்கிழமைக்குத்தான் ஒரு வாடகை வண்டி கிடைத்தது. வேலூரிலும் அந்த நாளுக்கு ஒப்புக்கொண்டார்கள். புதன் காலை அவள் கேட்ட வெந்நீரை நான் ஆற்றிக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றுவிட்டது.

காரியங்கள் நடந்துகொண்டிருந்தபோது பெங்களூரிலிருந்து சீல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் முடிந்து, குளிக்காமல், மச்சான் நேரே வந்தான். டிரம்மைக் கழற்றினான். சணல் வளையத்தைக் கம்பியால் தோண்டி எடுத்தான். சீலைப் பொருத்தினான். கட்டைகளை மாற்றினான். வண்டியை ஓட்டிவந்து நிறுத்தி, சக்கரத்தின் கீழே ஒரு செய்தித்தாளை விரித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். வெகு நேரம் கழித்துத் தாளை எடுத்து வந்து என்னிடம் காட்டினான்.

"ஒரு சொட்டு இல்ல மாமா."

"ஆம்."

"திங்கக்கெழம போயிருந்தா அக்கா பொழைச்சிருக்குமா?"

மலை இறக்கத்திலேயே மூச்சு நின்றிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார் என்றேன். அவர் அப்படிச் சொல்லியிருந்தார்.

"அவரு சொல்லட்டும். நீங்க இன்னா சொல்றீங்க?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்லிப் பழக்கமும் இல்லை. அன்று ஒருமுறை அப்படிச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவன் கருவிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு, "வரேன் மாமா" என்று போனான். அதன்பின் விசேஷங்களுக்கு வருவான், வாசலில் நின்று பேசிவிட்டுப் போவான். கார் பக்கம் போகமாட்டான். சென்ற ஆண்டு நெஞ்சில் தூசு அடைந்துவிட்டது என்று வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். மாரிகுப்பத்தில் இருக்கிறான்.

செய்யாமல் நிற்பவை:

வலது பின் ஹப்பைத் திறந்து பார்க்க வேண்டும்.
கை பிரேக்கின் கம்பியை இறுக்க வேண்டும்.
அவள் கால் நீட்டிப் படுப்பதற்காகப் பின் இருக்கையோடு சேர்த்து அடித்த பலகையைக் கழற்ற வேண்டும்.
மாரிகுப்பம் போய் மச்சானைப் பார்க்க வேண்டும். அவன் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும்.