சமையலறைக்கு வந்த கெளுத்தி

ஒன்பது வயதில் எனக்குச் சொந்தமாக ஓர் ஏரி இருந்தது. இருந்தது என்று நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். அந்த நம்பிக்கை நானாக வளர்த்துக்கொண்டதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர்ப் பக்கம் ஃப்ளாட் கட்டி விற்ற ஒரு புரமோட்டர், வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து என் மண்டைக்குள் ஏற்றிவிட்டது அது. ஏரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அதன் மேல் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

அதுவரை நாங்கள் நசரத்பேட்டையில் ஒரு போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார். காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். காற்றடித்தால் தேதி தெரியாது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு வாழ்க்கையில் ஒரே லட்சியம்தான், சொந்தச் சுவரில் ஓர் ஆணி. அப்படிப்பட்டவர் கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பரோடு அந்த நோட்டீஸ் வந்து விழுந்தது. வழவழப்பான காகிதம், நீல நிற ஏரி, அதில் கழுத்தை வளைத்துக்கொண்டு இரண்டு அன்னங்கள். கீழே ‘பட்டணத்துக்குள்ளே ஓர் ஏரிக்கரை வாழ்க்கை’ என்று கொட்டை எழுத்து. அந்த அன்னங்களை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த ஏரியில் நான் பார்த்த ஒரே வெள்ளைப் பறவை கொக்கு. அதுவும் எருமையின் முதுகில் உட்கார்ந்திருந்தது.

பார்க்கப் போனது மாசி மாதம். வேன் வைத்து அழைத்துப் போனார்கள், குடிக்கக் கலர் கொடுத்தார்கள். தூண்கள் மட்டும் நின்றிருந்த மொட்டை மாடிக்கு எங்களை ஏற்றி, புரமோட்டர் ஒரு கையை நீட்டி வீசினார்.

“பாருங்க சார், இந்த ஏரி மொத்தமும் உங்களுக்குத்தான்.”

பெரியவர்கள் அதை வியாபாரப் பேச்சாக எடுத்துக்கொண்டார்கள். நான் பத்திரத்தில் எழுதியதாகவே எடுத்துக்கொண்டேன். வேனில் திரும்பும்போது, ஏரிக்குச் சுற்றுச்சுவர் எப்போது கட்டுவோம் என்று அப்பாவிடம் கேட்டதும் ஞாபகம் இருக்கிறது.

அப்பாவுக்கு இரண்டாம் மாடி பிடித்திருந்தது. லிஃப்ட் இல்லாததால் விலையும் சற்றுக் குறைவு. அம்மாவுக்கு ஒரே ஒரு கேள்வி. “புதுமனைக்கு மாடு எப்படி மேல ஏறும்?”

புதுவீட்டில் முதல் காலை வைக்க வேண்டியது பசுவும் கன்றும். அதன் பிறகுதான் மனிதர்கள். நுழைந்த மாடு கூடத்திலேயே கோமியம் விட்டால் இன்னும் விசேஷம். புரமோட்டர் பக்குவமாகச் சிரித்தார். “வெள்ளியில சின்னதா ஒரு மாடு பொம்மை வெச்சுக்கலாம்மா. ஃப்ளாட்டுல இப்ப எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.”

“பொம்மை மாட்டுக்கு நாங்க எதுக்குங்க நெஜ ஊடு வாங்கணும்?” என்றாள் அம்மா.

“மாட்டுக்கோசரம் ஊடு வாங்குறதா, மனுசனுக்கோசரம் வாங்குறதா?” என்று அப்பா ஒரு வாரம் கத்திப் பார்த்தார். கதவு ஜன்னல் செலவுக்குப் போகப்போவது அம்மாவின் வளையல்கள் என்பதால் அவர் குரல் நாளாக ஆகச் சின்னதாகிவிட்டது. தரைத்தளம் வாங்கினோம்.

ஆவணியில் புதுமனை புகுவிழா. பசு ராணி மாதிரி உள்ளே வந்தது. வந்த வேலையையும் குறையில்லாமல் முடித்தது. மேல்வீட்டுப் பெண்கள் பொறாமையோடு எட்டிப் பார்த்தார்கள். அம்மாவின் தலை நிமிர்ந்தே இருந்தது. பால்காரம்மாவோடு அவள் மகனும் கன்றைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தான், என்னைவிட ஒரு வயது பெரியவன் இருக்கலாம். முதலாளி என்ற முறையில் அவனைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்தேன்.

“இனிமே எங்க ஏரியில எருமைய உடாத.”

“இன்னாது? ஏரி இன்னா உங்க நைனா ஊட்டுதா?”

“ஆமா. வாங்கிட்டோம்.”

அவன் சிரித்த சிரிப்பில் கன்று மிரண்டு கயிற்றை இழுத்தது. பிறகு எங்கள் புது மொசைக் தரையைக் காலால் ஒரு தட்டுத் தட்டினான். “டேய், நீ நின்னுகினு கீற எடமே ஏரிதான்டா. போன வருசம் இங்கதான் எங்க எருமை குளிச்சிச்சு. மய பேயட்டும் பாரு, ஏரி அதும்பாட்டுக்கு வந்து அது எடத்துல குந்திக்கும்.”

அப்பாவிடம் ஓடினேன். “வயித்தெரிச்சல்ல சொல்றான்டா” என்று வடையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். ஆனால் என் முதலாளித்தனம் அந்த நிமிஷமே போய்விட்டது. பஞ்சர் கடையில் கெஞ்சி ஒரு பழைய டியூப் வாங்கி, அதை இடுப்பில் மாட்டிக்கொண்டுதான் தினமும் படுத்தேன். புரண்டு படுக்க முடியாது. புரட்டிப்போட்ட ஆமை மாதிரி மல்லாந்தே கிடப்பேன். புரட்டாசியில் ஒரு தூறல் போட்டதற்கே பீரோவின் மேல் ஏறி உட்கார்ந்து, இறங்க மறுத்து, இட்லியையும் அங்கேயே வரவழைத்துத் தின்றேன். “தூறலுக்கே பீரோன்னா, மழைக்கு இன்னாடா பண்ணுவ? கரண்ட் கம்பத்துல ஏறிக்குவியா?” என்றார் அப்பா. வந்து போகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்தார்.

ஐப்பசியில் சேர்ந்தாற்போல் சில நாள் மழை. ஒரு காலையில் அம்மா பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். ஏரி வாசல் வழியாக வரும் என்று நான் வாசலையே காவல் காத்துக்கொண்டிருக்க, அது குளியலறைச் சாக்கடைத் துளை வழியாகக் கொப்பளித்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் ஒத்திகை பார்த்த வீரன், டியூபை அம்போ என்று விட்டுவிட்டுச் சமையலறைப் பரணில் ஏறி, “ஏரி வந்துடுச்சி! ஏரி வந்துடுச்சி!” என்று கூரை அதிரக் கத்தினேன். அப்பா அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, எங்கே இறக்குவது என்று தெரியாமல் கூடத்தின் நடுவில் நின்றார். தண்ணீர் அவர் முழங்காலைத் தாண்டியது. மேல்வீட்டு பால்கனிகளில் ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். எவர் வீட்டிலோ பஜ்ஜி போடும் வாசனை. “சார், பாத்து, வழுக்கும்” என்று ஒருவர் மேலிருந்து அறிவுரை சொன்னார். அந்த பஜ்ஜியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அப்போதுதான் சமையலறையில் அடுப்பு மேடைக்குக் கீழே ஏதோ துள்ளியது. கெளுத்தி மீன்! கை நீளம், மீசையோடு. பயமெல்லாம் போன இடம் தெரியவில்லை. பரணிலிருந்து குதித்துத் துண்டைப் போட்டு அமுக்கினேன். அது முள்ளால் குத்த, ரத்தம் சொட்டச் சொட்டப் பக்கெட்டில் போட்டேன்.

அம்மா அதைக் குனிந்து பார்த்தாள். “மாடு வரணும்னு கீழ் ஊடு கேட்டேன். மீனும் வந்துடுச்சி” என்று சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்பதை நான் கவனிக்கவில்லை. நான் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் வடிந்ததும் அப்பா புரமோட்டரைத் தேடிப் போனார். நானும் கூடப் போனேன். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “ஏரிக்குப் பக்கத்துல வேணும்னுதான சார் வந்தீங்க? இதுக்கு மேல பக்கம் எப்படி சார் குடுக்கிறது?” என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா பதிலுக்கு ஏதாவது கெட்ட வார்த்தை சொல்வார் என்று ஆசையோடு காத்திருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மேல்வீட்டுக்காரர்கள் கூட்டம் போட்டு, அது கீழ்வீட்டுக்காரர்களின் சொந்தப் பிரச்சினை என்று முடிவு செய்தார்கள். பிறகு அப்பா எதற்கும் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டார்.

பங்குனியில் லீவு போட்டுவிட்டுச் சுவர்களைச் சுரண்டினார். முழங்காலுக்குச் சற்று மேலே வீடு முழுக்கப் பழுப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது. அது மறையும்வரை திரும்பத் திரும்ப டிஸ்டம்பர் அடித்தார். வீடு மின்னியது. ஏதோ விசேஷம் வருகிறது என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருமழிசையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, என் வயதில் ஒரு பையன். அவனைப் பார்த்ததும் எனக்கு வாய் நமநமவென்றது. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் கெளுத்திக் கதையைச் சொல்லித் தீர்த்திருந்தேன். புதுக் காது கிடைத்திருக்கிறது! சமையலறைக்கு இழுத்துப்போய், “டேய், இங்க பாரு, இந்த எடத்துலதான்...” என்று ஆரம்பித்தேன். அப்பாவின் கை என் தோளில் விழுந்தது. சோடா வாங்கி வரச் சொன்னார். எதிர்க்கடைச் சோடா ஆகாதாம், ஸ்டேஷன் பக்கத்துக் கடையில்தான் வாங்க வேண்டுமாம். வெயிலில் ஓடி வாங்கி வந்தபோது அவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வீட்டில் ஒரு மனுஷனுக்கு மீன் கதை சொல்ல உரிமை இல்லையா? சோடாவைத் தரையில் நங்கென்று வைத்தேன். யாரும் திட்டவில்லை. அம்மா காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அந்தப் புள்ளைக்கும் நம்ம புள்ள வயசுதான்” என்றாள், திரும்பாமல்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா என் பக்கம் பேசுகிறாள், பிள்ளைக்குக் கிடைத்த கூட்டாளியை இப்படி விரட்டிவிட்டீர்களே என்று எனக்காக வாதாடுகிறாள். “கேட்டியா நைனா? அம்மாவே சொல்லுது பாரு!” என்று அப்பாவிடம் சண்டைக்குப் போனேன். அவர் செருப்பைக்கூடப் போடாமல் எழுந்து வெளியே போனார்.

வைகாசியில் அவர்கள் எங்கள் வீட்டை வாங்கிக் குடி வந்தார்கள். நாங்கள் வானகரத்தில் ஒரு முதல் மாடிக்கு வாடகைக்குப் போனோம். தண்ணீர் வந்ததைப் பற்றி அப்பா அவர்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. அடுத்து வந்த ஐப்பசியில் அந்த வீட்டுக்குள் கட்டில் முழுகும் அளவுக்குத் தண்ணீர் வந்தது.