சும்மா விட்ட சதுரம்

எங்கள் ஊரில் படகு ஓட்ட உரிமம் வேண்டும் என்று ஒரு சட்டம் உண்டு. இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை, யாரிடமும் அது இருந்ததும் இல்லை. மீன் விற்க, பிரசங்கம் செய்ய, ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்ள என்று எதற்கும் இங்கே பெரிதாகத் தாள் தேவைப்படாது. கடலுக்கும் சதுப்புக்கும் நடுவே பிறந்து, முழங்கால் தண்ணீரிலேயே வளர்ந்த பிள்ளைகளிடம் "இது கடல், இது சதுப்பு" என்று வகுப்பறையில் சொல்வதற்கு மட்டும் தலைநகர் பெல்மோபானிலிருந்து முத்திரை குத்திய உரிமம் வர வேண்டும்.

மிஸ் ஃபீமாவுக்கு அது இல்லை. ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் யூஃபீமியா நொல்பெர்ட்டோ. புனித மெடார்டு உயர்நிலைப் பள்ளியில் பத்தொன்பது வருடமாக மனையியல் ஆசிரியை. தேங்காய்ப்பாலில் மீன் கொதித்துக்கொண்டிருக்கும்போதே கரண்டியைத் தூக்கியபடி ஜன்னலுக்கு வெளியே போய்விடுவார். உடம்பு மட்டும் அடுப்பருகே நிற்கும். பிள்ளைகள் சத்தம் போடாமல் அடுப்பை அணைத்துவிட்டு, அவர் திரும்பி வரும்வரை காத்திருப்பார்கள். இதனால் எங்கள் ஊரில் ஒரு தலைமுறையே பொறுமைசாலியாக வளர்ந்திருக்கிறது.

நான்கு வருடத்துக்கு முன் அறிவியல் ஆசிரியர், லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் அத்தையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். தலைமையாசிரியர் மிஸ்டர் அஷர் யோசித்து யோசித்துக் கடைசியில் ஃபீமாவைக் கூப்பிட்டார்.

"உங்க வீட்டுல தோட்டம் இருக்குல்ல மிஸ்? அப்பப் பாதி சுற்றுச்சூழல் உங்களுக்குத் தெரிஞ்சதுதான்."

மீதிப் பாதிக்கு ஒரு தற்காலிக அனுமதிக் கடிதம் வந்தது. வருடாவருடம் அதைப் புதுப்பித்தார்கள்.

அதன்பின் நடந்ததைக் காதல் என்றுதான் சொல்ல வேண்டும். மனையியலில் எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு உண்டு. உப்புக்கு ஒரு அளவு, தீக்கு ஒரு நேரம், தையலுக்கு ஒரு முடிச்சு. இந்தப் புதுப் பாடத்திலோ எதுவும் முடிவதாகத் தெரியவில்லை. மலையிலிருந்து ஆறு கொண்டுவரும் மண் எங்கே போகிறது என்று ஒரு நாள் கரும்பலகையில் எழுதினார். எழுதிவிட்டு அவரே அந்த மண்ணோடு கிளம்பிவிட்டார். ஆரஞ்சுத் தோட்டங்களைக் கடந்து, பாலத்துக்கு அடியில் சுழன்று, கழிமுகத்தில் கொஞ்சம் தயங்கி, பவளத்திட்டின் மேல் மெல்ல இறங்கிப் படிந்தார். பிள்ளைகளும் கூடவே போனார்கள். மணி அடித்தது யார் காதிலும் விழவில்லை. அடுத்த வகுப்புக்கு வந்த கணக்கு ஆசிரியர், பதினான்கு பேர் கண்ணைத் திறந்துகொண்டே கடலடியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

அப்படி இருந்தபோதுதான் பெல்மோபான் அலுவலகம் தூக்கம் கலைந்து எழுந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு வரும் ஜூலை முப்பத்தொன்றோடு தற்காலிக அனுமதிகள் எல்லாம் முடிவுக்கு வரும், அதற்குள் முழு உரிமம் பெறாதவர்கள் அந்தப் பாடத்தை நடத்தக் கூடாது என்று கடிதம் வந்தது. நடத்த வேறு ஆள் இல்லை என்பதால் பாடத்தையே கால அட்டவணையிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான் என்றார் மிஸ்டர் அஷர். ஃபீமா மறுபடியும் முழுநேர அடுப்புக்குப் போவார். இதை அவர் மிகவும் மென்மையாகச் சொன்னாராம். மென்மையாகச் சொன்னால் வலிக்காது என்பது அவர் நம்பிக்கை.

உரிமம் வாங்கும் வழி ஒன்றும் ரகசியம் இல்லை, நீளம்தான். பட்டம் வேண்டும்; ஃபீமாவிடம் இருந்தது, ஆனால் அது மனை நிர்வாகத்தில். ஆகவே நீர், மண், உயிரினம் என்று மூன்று அறிவியல் பாடங்களைப் புதிதாகப் படிக்க வேண்டும். இரண்டு வருடம் சனிக்கிழமைதோறும் விடியற்காலைப் பேருந்தில் கல்லூரிக்குப் போனார். போகும்போதும் தூங்கினார், வரும்போதும் தூங்கினார். பாதிப் படிப்பைக் கனவிலேயே முடித்தார் என்று பொறாமைக்காரர்கள் சொல்வது முழுக்கப் பொய் அல்ல. குற்றவாளி அல்ல என்று காவல் நிலையத்தில் ஒரு தாள் வாங்க வேண்டும். எழுதிக்கொடுத்த காவலர் அவரிடம் சோற்றைத் தீய்த்துத் திட்டு வாங்கிய பழைய மாணவர், எழுந்து நின்றேதான் எழுதினார். இதெல்லாம் போக இரண்டு பாக்கி. மதிப்பீட்டாளர் முன்னால் ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். ஒரு வருடம் மாணவர்களோடு கள ஆய்வு நடத்தி, அதை அதே நாளில் காட்ட வேண்டும்.

ஆய்வு எளிமையானதுதான். பள்ளிக்குப் பின்னால், புயல் அரித்துவிட்டுப் போன வெறும் மணல்வெளியில் பத்தடிச் சதுரம் இரண்டு. ஒன்றில் கடல்திராட்சையும் கரையோரப் புதர்களும் நட்டு வளர்க்க வேண்டும். மற்றதில் கை வைக்காமல் சும்மா விட வேண்டும். மாதாமாதம் இரண்டிலும் முளைத்திருப்பதை எண்ணி எழுதினால், நடுவதால் என்ன பயன் என்பது தெரிந்துவிடும். சும்மா விட்ட சதுரம்தான் அளவுகோல். அது கெட்டால் எல்லாம் கெட்டது.

ஆடும் பந்தும் உள்ளே வராமல் இருக்க வேலி வேண்டியிருந்தது. பள்ளியில் கிடந்த இரும்புக் குழாய்கள் செடி நட்ட சதுரத்துக்கு மட்டுமே போதுமானவையாக இருந்தன. சும்மா விட்ட சதுரத்துக்கு ஃபீமாவின் தம்பி கிறிஸ்புலோ இருபது கம்பங்கள் வெட்டிவந்து ஊன்றிக் கொடுத்தான். கம்போலிம்போ மரத்துக் கம்பங்கள். வெயிலில் காய்ந்த வெள்ளைக்காரர் தோலைப் போலப் பட்டை சிவந்து உரிந்துகொண்டே இருப்பதால் அதற்கு இங்கே 'சுற்றுலாப் பயணி மரம்' என்றுதான் பெயர். வெட்டி நட்டால் போதும், துளிர்த்துவிடும். எங்கள் ஊரில் வேலிக்கு உயிரில்லாத கம்பு வெட்டுகிறவன் எவனும் இல்லை; இரண்டே மழையில் கரையான் தின்றுவிடும். கிறிஸ்புலோ நட்டான், ஃபீமா பார்த்தார், பதினான்கு பிள்ளைகளும் பார்த்தார்கள். அது வேலி. வேலியை யார் எண்ணுவார்கள்?

முதல் மூன்று மாதம் அந்தச் சதுரத்துக்கு நேராகப் பிள்ளைகள் சுழி போட்டார்கள். நான்காம் மாதம் மூன்று. பிறகு ஏழு. பிறகு பத்தொன்பது. ஃபீமா மத்தியான வேளைகளில் போய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். கம்பங்கள் இலை விட்டன, இலைகள் கிளைகளாயின, கிளைகளில் பெயர் தெரியாத மஞ்சள் குருவிகள் உட்கார்ந்து எங்கெங்கோ தின்ற பழத்தின் விதைகளைக் கீழே எச்சமிட்டன. நிழல் மணலின் மேல் ஈரத்துணியைப் போல விரிந்தது. இதையெல்லாம் அவர் பார்த்தார். பார்த்ததை யோசிக்கவில்லை. பக்கத்தில், உச்சி வெயிலில், நட்ட சதுரத்தில் பாதிக்கு மேல் கருகியிருந்தது.

மதிப்பீட்டாளர் வருவதற்கு முதல் நாள் மத்தியானம் மிஸ்டர் அஷர் முதன்முறையாகப் பள்ளியின் பின்பக்கம் வந்தார்.

"மிஸ், சும்மா விட்ட இடத்துல எப்படித் தோப்பு வந்துச்சு?"

கேள்வி காதில் விழுந்த பிறகுதான் ஃபீமாவுக்குத் தன் கண்முன் இருந்தது தெரிந்தது. ஒன்றுமே செய்யக் கூடாத இடத்தில் இருபது மரம் நட்டிருக்கிறார்.

மிஸ்டர் அஷர் யோசனை சொன்னார். இலையைக் கழித்துவிட்டு முளைத்ததைப் பிடுங்கிவிட்டால் பழையபடி கம்பும் மணலும்தான். நோட்டுப்புத்தகத்தில் பத்தொன்பதை ஒன்று ஆக்குவது பெரிய வேலையா? கிறிஸ்புலோ வெட்டுக்கத்தியோடு வந்து நின்றான்.

"நீத்து, நீ வீட்டுக்குப் போ. ஒரு மணி நேரத்துல மொட்டையடிச்சுடறேன்." நீத்து என்றால் அக்கா.

"நட்டதே நீதானடா. போதும், போ. நானே வெட்டிக்கிறேன்."

கத்தியை வாங்கிக்கொண்டு வேலிக்கு உள்ளே போனார். அந்த மணல்வெளியில் நிழல் என்று இருந்தது அங்கே மட்டும்தான். எங்கிருந்து தொடங்கலாம் என்று பார்க்க உட்கார்ந்தார். காற்று கடலிலிருந்து வந்தது.

பெல்மோபான் அலுவலகம் கணுக்கால் தண்ணீரில் நின்றது. எழுத்தர்களின் நாற்காலிக் கால்கள் வேர்விட்டுச் சேற்றில் இறங்கியிருந்தன. ஒரு மீன் வரிசையில் நின்று முத்திரை குத்திக்கொண்டு போனது. உங்கள் சதுரம் எங்கே என்று யாரோ கேட்டார்கள். ஃபீமா கைப்பையைத் திறந்தார். உள்ளேயிருந்து குருவிகள் ஒவ்வொன்றாகப் பறந்தன, வாயில் ஒவ்வொரு விதையோடு, முடிவே இல்லாமல். எழுத்தர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு முகத்தை நிமிர்த்திப் பார்த்தார்கள்.

கண் விழித்தபோது பள்ளியைப் பூட்டிவிட்டிருந்தார்கள். கத்தியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நேர்மை என்று சிலர் சொல்கிறார்கள். தூக்கம் என்று சிலர் சொல்கிறார்கள். மறுநாள் காலையிலும் வெட்ட நேரம் இருந்தது என்பதையும், அவர் வெட்டவில்லை என்பதையும் மட்டும் நான் சொல்லிவைக்கிறேன்.

மதிப்பீட்டாளர் நெரெய்டா சுக், சிமெண்டு வேலிகளுக்கு நடுவே நகரத்தில் வளர்ந்தவர். புது ரப்பர் பூட்ஸ், அட்டையில் செருகிய படிவம். நட்ட சதுரத்தைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சும்மா விட்ட சதுரம் எங்க?"

பதினான்கு கைகள் தோப்பைக் காட்டின.

"அது தோப்பு. நான் கேட்டது அது இல்ல."

"அதேதான் மிஸ்," என்றாள் தர்லா, வகுப்பிலேயே வாய் நீளமானவள். "நாங்க ஒண்ணுமே பண்ணல. சத்தியமா."

"சுத்தி மரம் வெச்சிருக்கீங்களே?"

"மரமா? எங்க மிஸ்? அது வேலி."

நெரெய்டா சுக் நீளமாக எழுத ஆரம்பித்தார். பானையும் பனிக்கட்டியும் வைத்து மழையைக் காட்டுவதாக ஃபீமா தயார் செய்துவைத்திருந்த பாடம் மேசை மேலேயே கிடந்தது. அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"மிஸ் தப்புப் பண்ணிட்டேன். மரத்தை நட்டுட்டு, ஒண்ணும் நடலன்னு உங்கள எழுத வெச்சேன். இப்பச் சொல்லுங்க, உள்ள முளைச்ச பத்தொன்பது செடியும் எப்படி வந்துச்சு?"

பிறகு அவரால் நடுவில் புகவே முடியவில்லை. நிழல் என்றார்கள், ஈரம் என்றார்கள். குருவிக்கு உட்கார இடம் கிடைத்தது, அதனால்தான் விதை விழுந்தது, இரும்புக் குழாய் வெயிலில் சுடும், அதில் எந்தக் குருவி உட்காரும் என்று தர்லா கேட்டாள். அப்படியானால் நிஜமாகச் சும்மா கிடந்த இடம் எது என்றார் ஃபீமா. இரண்டு சதுரத்துக்கும் நடுவிலிருந்த மணல் பட்டையைக் காட்டினார்கள். குனிந்து எண்ணினார்கள். இரண்டே செடி. எல்லோரும் நிழலுக்குள் வந்து உட்கார்ந்து மேலே பார்த்தார்கள், குருவிகள் வந்து போவதை. நெரெய்டா சுக்கும் உட்கார்ந்தார். பூட்ஸைக்கூடக் கழற்றினார். எவ்வளவு நேரம் என்று படிவத்தில் எழுதவில்லை.

எழுந்தபின் கேட்டார். "இந்தத் தப்பு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"நேத்து மத்தியானம்."

"வெட்டிப் போட்டிருக்கலாமே?"

"வெட்டத்தான் வந்தேன். தூங்கிட்டேன்."

பக்கத்தில் நின்ற மிஸ்டர் அஷர் கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்க ஆய்வு செல்லாது, மிஸ் நொல்பெர்ட்டோ."

"தெரியுங்க."

"ஆனா இந்தப் படிவத்துல இன்னொரு கட்டம் இருக்கு. தன் ஆய்வுல இருக்குற குறையைத் தானே கண்டு மாணவர்களுக்கு விளக்கினாரான்னு. ஒன்பது வருஷமா அதை நான் காலியாத்தான் விட்டுட்டு வர்றேன். நாடு பூரா எல்லார் ஆய்வும் ரொம்பச் சரியாவே வந்துடுது."

அந்தக் கட்டத்தில் அவர் எழுதினார். ஐந்து வருடத்துக்குத் தர வேண்டிய உரிமத்தை இரண்டு வருடத்துக்குத் தந்தார். அதற்குள் நடுவிலிருக்கும் மணலையும் சேர்த்து மறுபடி ஆய்வு செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. தாள் ஜூலை இருபத்தொன்பதாம் தேதி வந்து சேர்ந்தது. பாடம் பிழைத்தது.

பள்ளி திறந்த அன்று தர்லா எழுந்து, போன வருடத்தைவிட இப்போது மிஸ்ஸுக்கு அதிகம் தெரியுமா என்று கேட்டாள்.

"இல்லடி," என்றார் ஃபீமா. "ஆனா இப்ப என்னை யாரும் நிறுத்த முடியாது. நோட்டை எடு."