எள்ளுச்சோறு தின்ற நாய்

தொலைந்த நாயைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஆட்கள் சந்தோஷப்படுவார்கள் என்று நினைக்கிறவர்கள் கொஞ்ச நாள் என் கூட வந்து இருந்து பார்க்கட்டும். அழுதுகொண்டே ஓடி வந்து நாயைக் கட்டிக்கொள்கிறவர்கள் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் "அட, இது எப்பப் போச்சு?" என்று, நாய் காணாமல் போனதே என்னைப் பார்த்த பிறகுதான் தெரிந்த மாதிரி கேட்கிறவர்கள்தான் அதிகம். நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்காரர், நான் வேகாத வெயிலில் கொண்டுபோய் இறக்கிய நாயை ஒரு எத்து எத்திவிட்டு, "ஊர் சுத்திப்போட்டு வருது பாருங்க தொரை" என்று என்னிடமே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார், வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

எங்கள் கடை சங்ககிரியில், பைபாஸ் ஓரம். லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துக் கொடுக்கிறோம். என் வீட்டுக்காரர் தையல் மிஷினில் உட்காருவார், நான் துணியை அளந்து வெட்டிப் போடுவேன். கடை வாசல் ரோட்டைப் பார்த்து இருப்பதால் வழி தவறிய நாய் எதுவானாலும் எங்கள் நிழலுக்குத்தான் முதலில் வரும். தெருநாய்க்கு லாரியைத் தெரியும், ஹாரன் சத்தத்துக்கே ஒதுங்கிவிடும். வீட்டில் வளர்ந்தது நடு ரோட்டில் நின்று லாரியை வேடிக்கை பார்க்கும். அப்படி நின்று செத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொண்டு சும்மா துணி வெட்ட என்னால் முடியவில்லை, அதனால்தான் இந்த வேலை என் தலையில் விழுந்தது.

நாய் எந்த மாதிரி வீட்டது என்று தெரிந்துகொள்ள நான் அதோடு பேசிப் பார்ப்பேன். "சிட்" என்றதும் உட்கார்ந்தால் சேலம் டவுன், பெரிய வீடு. "உக்காருடா" என்றால் உட்காருகிறது காடு தோட்டத்து வீட்டு நாய். இரண்டுக்கும் அசையாமல், இந்தியில் "பைட்டோ" என்றதும் பொத்தென்று உட்கார்ந்த ஒன்று, வடக்கே போய்வந்த லாரியில் வந்து இறங்கியது. அப்புறம் போட்டோ எடுத்து லாரிக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவேன். நாய் வைத்தியம் பார்க்கிற இடங்களில் எனக்குப் பழக்கமான பெண்கள் உண்டு, அவர்களுக்கும் அனுப்புவேன். பெரும்பாலும் வீடு கிடைத்துவிடும். "தார்ப்பாய்க் கடைன்னு போர்டு எதுக்கு புள்ள? நாய்க்கடைன்னு எழுதிப்போட்டா யாவாரமாச்சும் ஆகும்" என்பார் என் வீட்டுக்காரர்.

அந்தக் கறுப்பு நாய் வந்தது ஒரு காலை நேரம். லேப்ரடார், நல்ல வளர்த்தி, தோல் எண்ணெய் தடவின மாதிரி மின்னியது. "சிட்" என்றேன், உட்கார்ந்தது. ஆனால் கண் என் மேல் இல்லை, ரோட்டின் மேல். சேலம் பக்கமிருந்து ஒரு பெரிய வெள்ளைக் கார் வந்ததும் எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு, நேராக ரோட்டுக்குள் ஓடியது. கார்க்காரன் வெட்டி ஒடித்துக்கொண்டு போனான், பின்னால் வந்த டேங்கர் லாரி பிரேக் அடித்துக் கத்தியது. நாய் அந்தக் காரையே பார்த்துக்கொண்டு நின்றது. நான் போய் முதுகுத்தோலைப் பிடித்து இழுத்து வந்து, தார்ப்பாய்க் கயிற்றால் கட்டினேன்.

அன்று முழுக்க அப்படியே. சிவப்புக் கார், நீலக் கார் எதற்கும் அசையாது. வெள்ளை வந்தால் போதும், கயிறு அறுந்துவிடும்போல இழுக்கும். இந்த நாயை அதன் வீட்டில் சீக்கிரம் சேர்க்காவிட்டால் என்றைக்காவது கயிறு அறும், அது ரோட்டில் நசுங்கிச் சாகும் என்பது எனக்கு அப்போதே தெரிந்துபோனது.

அதன் கழுத்தில் பெல்ட் இல்லை. ஏழெட்டு முடிச்சுப் போட்ட கறுப்புக் கயிறு இருந்தது. நெற்றியில் அழியாத குங்குமம். கண் பட்டுவிடக்கூடாது என்று கயிறு கட்டி, பொட்டு வைத்து வளர்த்திருக்கிறார்கள் என்று நான் உருகிப்போனேன். சோறு வைத்தால் தின்னவில்லை, முட்டை வைத்தேன், கறி வைத்தேன், மோந்துகூடப் பார்க்கவில்லை. சனிக்கிழமை வந்தது. எங்கள் வீட்டிலும் சனிக்கிழமை எள்ளுச்சோறு கிளறிக் காக்காய்க்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவோம். மிச்சத்தை இலையில் வைத்து என் கையாலேயே நீட்டினேன். அவ்வளவுதான். இலையையும் சேர்த்துத் தின்றது. தின்றுவிட்டு முதன்முதலாக என் முகத்தைப் பார்த்தது.

"பாத்தீங்களா மாமா, வீட்டு மனுசங்க திங்கறதயே கையால ஊட்டி வளத்திருக்காங்க. அங்க எப்படித் தவிக்கறாங்களோ" என்றேன்.

வீட்டுக்காரர் தையலை நிறுத்தாமல், "தவிக்கறவங்க தேடி வந்திருக்க மாட்டாங்களா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. எதையாவது எதிர்மறையாகப் பேசவில்லை என்றால் இவருக்குச் சாப்பாடு இறங்காது என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை, நாய் வைத்தியர் ஒருவரிடம் வேலை பார்க்கும் பெண் போன் செய்தாள். போட்டோவைப் பார்த்ததும் தெரிந்துவிட்டதாம். சேலம் ஃபேர்லேண்ட்ஸில், போர்வெல் போடுகிற ரிக் வண்டி முதலாளி ஒருத்தர் வீட்டு நாய், தவறாமல் ஊசி போட வருவார்கள் என்றாள். கடையின் குட்டியானை வண்டியில் பின்னால் பழைய தார்ப்பாயை விரித்து நாயை ஏற்றினேன். வீட்டுக்காரரே ஓட்டினார்.

அவர்கள் தெரு வருவதற்கு இரண்டு திருப்பம் முன்னாலேயே நாய்க்குத் தெரிந்துவிட்டது. உடம்பெல்லாம் நடுங்கி, குழந்தை மாதிரி முனக ஆரம்பித்தது. வண்டி நின்றதும் குதித்து, பளபளக்கிற ஸ்டீல் கேட்டில் முன்னங்கால் இரண்டையும் வைத்துக் கம்பியை நக்கியது. உள்ளே ஒரு பெரிய வெள்ளைக் கார் நின்றது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

வீட்டம்மா வெளியே வந்தார். நாயைப் பார்த்தார். வந்த காலைப் பின்னால் வைத்தார். "ஐயய்யோ, ஏனுங்க, இங்க வாங்க! அது வந்துபோச்சுங்க!" என்று கத்தினார்.

முதலாளி வந்தார். வெள்ளை வேட்டி, திருநீறு, நல்ல மரியாதையான முகம். கேட்டைத் திறக்கவில்லை. "அம்மிணி, அதையக் கொஞ்சம் அக்கட்ட இழுத்துப் புடிச்சுக்கோங்க. உள்ள கூட்டியாந்தராதீங்க."

"இது உங்க நாய்தானுங்களே?"

"நம்மளுதுதானுங்க, இல்லீங்கல. அது முடிஞ்சுபோச்சுங்க."

"என்னங்க முடிஞ்சுபோச்சு?"

அவர் பொறுமையாக, எனக்குப் புரியவேண்டுமே என்கிற அக்கறையோடு சொன்னார். "எனக்குக் கடக ராசிங்க. அட்டமத்துச் சனி நடந்துச்சு. ரிக்கு போற பக்கமெல்லாம் மாட்டிக்கிச்சு, தொழிலே படுத்துருச்சு. சோசியர்தான் கருப்பு நாய் ஒண்ணு வெச்சு, சனிக்கெழமைக்குச் சனிக்கெழம நம்ம கையாலயே எள்ளுச்சோறு போடச் சொன்னாருங்க. நமக்கு வர்றது அது மேல எறங்கிருமாமா. அப்பிடியே செஞ்சமுங்க, ஒரு கொறையும் வெக்கலீங்க. இப்பப் பெயர்ச்சி ஆயிருச்சு. மலை தாண்டிக் கொண்டுபோயி உட்டுப்போட்டு, திரும்பிப் பாக்காம வந்தரோணும்னாரு. உட்டுப்போட்டு வந்தமுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள், "நீங்க நல்ல மனசோடதான் கொண்டாந்தீங்க, அது தெரியுதுங்க. ஆனா நாங்க எறக்கி உட்டதை நீங்க ஏத்திக் கொண்டாந்த மாதிரி ஆயிப்போச்சு பாருங்க" என்று வருத்தப்பட்டார்.

எனக்கும் சாமி உண்டு. கோயிலுக்குப் போகிறேன், காக்காய்க்குச் சோறு வைக்கிறேன். ஆனால் அந்த நிமிஷம் அந்த மனுஷனைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. அந்தக் கயிறு, அந்தக் குங்குமம், கையால் ஊட்டின சோறு, எல்லாவற்றையும் பாசம் என்று நினைத்து உருகினேனே, என் மேல்தான் எனக்கு அதிக அருவருப்பு. தங்கள் மேல் வந்த பீடையைத் துடைத்து எறிகிற துணியாக அதை வைத்திருந்திருக்கிறார்கள். வேலை முடிந்தது, நெடுஞ்சாலையில் எறிந்துவிட்டார்கள். இதையெல்லாம் "ங்க" போட்டு, குரலை உயர்த்தாமல், நல்ல மனுஷனாகவே நின்று சொல்கிறார். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை.

"நீங்க திரும்பிப் பாக்காம வந்துட்டீங்க. அது இன்னும் ரோட்டப் பாத்துக்கிட்டே நிக்குதுங்க. வெள்ளைக் காரு வந்தா நீங்கன்னு நெனச்சுக் குறுக்க ஓடுது. லாரில அடிபட்டுச் சாகும். அந்தப் பாவம் எந்த ராசிக்குங்க எறங்கும்?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "நீங்களே வெச்சுக்கோங்க அம்மிணி. உங்களுக்கு என்ன ராசிங்க?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே வீட்டம்மாவிடம், "காப்பி கொண்டா, வந்தவங்க சும்மா போகக்கூடாது" என்றார்.

த்தூ, உங்கள் காப்பியும் நீங்களும். அதை மனதுக்குள் சொன்னேனா வாய்விட்டுச் சொன்னேனா என்று எனக்கு நினைவில்லை. வாய்விட்டுத்தான் சொன்னதாக வீட்டுக்காரர் சொல்கிறார். நாயை இரண்டு பேருமாகத் தூக்கித்தான் வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. வண்டியைத் திருப்பும்போது பார்த்தேன், நாய் நக்கிய கேட்டுக் கம்பியில் அந்த அம்மா மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்.

சூரமங்கலம் தாண்டுகிறவரை நான் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தேன். நாய் பின்னால் வந்த வழியையே பார்த்துக்கொண்டு வந்தது. "நான் சொன்னேன்ல" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வண்டியிலிருந்து குதித்திருப்பேன். சொல்லவில்லை. கடைக்கு வந்ததும் தார்ப்பாய் வெட்டுகிற கத்தரியால் அந்தக் கறுப்புக் கயிற்றை வெட்டி, ரோட்டோரச் சாக்கடையில் போட்டேன். வீட்டுக்காரர் சங்ககிரி கடைத்தெருவுக்குப் போய் நல்ல கனமான சங்கிலி வாங்கி வந்தார்.

அதற்குப் பிறகு எள்ளு மட்டும் நான் அதற்குப் போடவில்லை. பட்டினி கிடந்தது, அப்புறம் வெறும் தயிர்ச்சோறு தின்றது, அப்புறம் முட்டை. மெல்ல மெல்ல வெள்ளைக் காருக்கு எழுந்திருப்பது குறைந்தது. மழைக்காலம் வந்தபோது மிஷினுக்கு அடியில், வீட்டுக்காரரின் காலில் தலையை வைத்துப் படுத்துக்கொள்ளப் பழகிவிட்டது. "சாமி" என்று பெயர் வைத்தோம், கூப்பிட்டால் வாலை ஆட்டும். மதியத்தில் சங்கிலியைக்கூட அவிழ்த்துவிட ஆரம்பித்தேன். இனி பயமில்லை என்றே நினைத்தேன்.

அப்படி அவிழ்த்துவிட்டிருந்த ஒரு மதியம்தான் அந்த வெள்ளைக் கார் வேகம் குறைத்து எங்கள் கடை வாசலிலேயே வந்து நின்றது. அதே முதலாளி இறங்கினார். நான் எழுந்திருப்பதற்குள் நாய் பாய்ந்துவிட்டது. அவர் காலைச் சுற்றி ஓடியது, மண்ணில் புரண்டது, சந்தோஷம் தாங்காமல் அங்கேயே மூத்திரம் பெய்தது. எங்கள் சோற்றைத் தின்ற இத்தனை மாதத்தில் ஒரு நாள்கூட அது அப்படிக் குதித்து நான் பார்த்ததில்லை. அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விரல் நுனியால் அதன் தலையைத் தொட்டார்.

"ஊசி போடற எடத்துல உங்க கடையக் கேட்டு வந்தனுங்க. நல்லாத்தான் வெச்சிருக்கீங்க அம்மிணி. சந்தோசமுங்க" என்றார். "நம்ம பெரியவனுக்குச் சிம்ம ராசிங்க. எனக்கு உட்ட அன்னிக்கே அவனுக்கு அட்டமத்துச் சனி புடிச்சிருச்சு, இப்பத்தான் சாதகத்தப் பாத்தமுங்க. காலேஜ்ல ஒரே ரோதனை. பழகுன நாயே இருக்கறப்பப் புதுசு எதுக்குன்னு சோசியர் கேட்டாரு. அதான் கூட்டிட்டுப் போலாம்னு வந்தனுங்க."

வீட்டுக்காரர் தணிந்த குரலில் என்னிடம் சொன்னார்: "குடுத்துரு புள்ள. அதுக்குப் புடிச்சிருக்குதே. பாரு, எப்படிக் குதிக்குது."

அது உண்மை. உயிரோடு ஒரு வீட்டில் சேர்க்கவேண்டும் என்றுதானே நானும் அலைந்தேன்? வீடு இதோ தானாக வந்து நிற்கிறது, நாயும் போகிறேன் என்று காலைப் பிடிக்கிறது.

"உங்க பையனுக்கும் பெயர்ச்சி ஆனா என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. இதைத்தான் சொல்ல நினைத்தேன் என்கிற மாதிரி, "ரோட்டுல எல்லாம் உடமாட்டனுங்க அம்மிணி. நீங்க சொன்னது எனக்கு மனசுலயே நின்னுபோச்சு. நேரா உங்ககிட்டயே கொண்டாந்து உட்டர்றனுங்க" என்றார்.

நான் போய்ச் சங்கிலியை எடுத்து வந்து நாயின் கழுத்தில் மாட்டினேன். அவர் காலடியிலிருந்து அதை இழுத்தேன். நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு வர மறுத்தது. வீட்டுக்காரரும் வந்து பிடித்தார்.

"அம்மிணி, அது எங்ககிட்டத்தான வருது?"

"ஆமாங்க. அதுக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரியும். கெளம்புங்க."

கார் நகர்ந்ததும் அது கத்தியது. அந்தக் கத்தலுக்கு எதிர்ப்பக்கம் வல்கனைசிங் கடையில் இருந்தவர்களெல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். நான் குனிந்து, "சாமி, வேண்டாம் சாமி" என்று தலையைத் தடவப் போனேன். என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டி உறுமியது. அதுவரை என்னிடம் உறுமியதில்லை. எத்தனையோ நாய்களை வீட்டில் சேர்த்தவள் நான். இந்த நாய்க்கு மட்டும், அதை வீட்டுக்குப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிற பாவி நான்தான்.

இப்போது மறுபடியும் சோறு தின்கிறது. என் கையால் கொடுத்தால் வாங்காது, வீட்டுக்காரர் வைக்க வேண்டும். வெள்ளைக் கார் ஏதாவது கடைப்பக்கம் வேகம் குறைத்தால் எழுந்து நிற்கிறது. நான் துணியைப் போட்டுவிட்டுப் போய்ச் சங்கிலியைப் பிடித்துக்கொள்கிறேன்.