அஞ்சுக்கு அஞ்சு

வீட்டிலிருந்தே, விரும்பிய நேரத்தில் வேலை என்று சொல்லித்தான் அவளைச் சேர்த்தார்கள். சலவை இயந்திரப் புகார்களுக்குப் பதில் எழுத வேண்டும். ஐந்து நிமிடம் மவுஸ் அசையாவிட்டால் திரையில் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். மேலாளர் உடனே கூப்பிடுவார். அதனால் அவள் குளிக்கப் போகும்போதெல்லாம் மாமியார் உட்கார்ந்து மவுஸை ஆட்டுவார்.

இந்த வாரம் அறுபத்தெட்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஓய்வுக்கு ஞாயிறு ஒன்றுதான் மிச்சம். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது மேலாளரின் போன்.

"வேலையில திருப்தியான்னு கேட்டதுக்கு அஞ்சுக்கு அஞ்சு போட்டிருக்கீங்களேம்மா. இவ்வளவு இஷ்டமா செய்றவங்களுக்கு ஞாயித்துக்கிழமையும் வேலை குடுக்கலாம்னு இருக்கோம்."

அவள் போனைப் பொத்திக்கொண்டு மாமியாரிடம், "திருப்தின்னு நீங்களா போட்டீங்க?" என்றாள்.

"ஏதோ அஞ்சு மூஞ்சி வந்துச்சு, சிரிக்கிறதைத் தட்டினேன். அழுமூஞ்சியையா தட்டுவாங்க?"

குளிக்கக்கூடத் திருட்டுத்தனம் செய்ய வேண்டிய பிழைப்பு. அதில் திருப்தி வேறாம்.

"அது நான் போட்டதில்ல சார். நான் குளிச்சிட்டிருந்தேன்."

"மவுஸ் அசைஞ்சுதேம்மா?"

"என் மாமியார் ஆட்டினாங்க. ஞாயித்துக்கிழமை நான் உக்கார மாட்டேன்."

மாமியார் மவுஸிலிருந்து மெல்லக் கையை எடுத்தார். புள்ளி மஞ்சளாகும்வரை இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.