அச்சில் விழுந்த கோடு

பட்டறைகள் வரிசையாக இருக்கும் அந்தத் தெருவில் அந்தப் பெண்மணியை எல்லோரும் சுத்தியல் என்றுதான் கூப்பிடுகிறார்கள், முகத்துக்கு நேராகவே. அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ என்று நினைத்து வேலையைத் தொடர்கிறார்.

பட்டப்பெயர் வந்தது இளவயதில். அண்ணனின் கேரி பேக் பட்டறையில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். சூப்பர்வைசர் பின்னால் வந்து இடுப்பில் கை வைத்தார். இவர் கையிலிருந்த சுத்தியல் அவர் பாதத்தில் இறங்கியது. தவறி விழுந்ததா என்று அண்ணன் கேட்டதற்கு, இல்லை, குறி பார்த்துத்தான் போட்டேன் என்றார். வேலை நின்றுபோனதற்காக அண்ணன் முதலில் தங்கையின் கன்னத்தில் ஓர் அறை விட்டார். பிறகு சூப்பர்வைசரைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் போய்த் தெருவில் தள்ளி, அடிபடாத காலையும் மிதித்தார். அந்தக் குடும்பத்தில் பாசம், கோபம் எல்லாமே கைவழியாகத்தான் வரும். அவர்களுடைய அப்பாவும் அப்படித்தான்.

அந்தப் பட்டறையில் பையை வெட்டும் மிஷின் நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டே இருக்கும். சூடான பட்டை அடியை ஒட்டும், கத்தி இறங்கி வெட்டும், பை விழும். கத்தியை மறைக்க ஒரு தகடு இருந்தது. அது இருந்தால் வேகம் குறைகிறது என்று அண்ணன் கழற்றி வைத்திருந்தார். ஒருநாள் பக்கத்து மிஷினில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் இரண்டு விரல்கள் பைகளோடு சேர்ந்து விழுந்தன. அண்ணன் அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். திரும்பி வந்து கத்தியைத் துடைத்தார். ரத்தம் பட்ட பைக்கட்டையும் ஈரத்துணியால் துடைத்து ரொட்டிக் கடைக்குப் போகும் மூட்டையில் வைக்கச் சொன்னார்.

சுத்தியல் அந்த மூட்டையைத் தூக்கி அண்ணன் முகத்தில் எறிந்தார். அண்ணன் அவர் தலையைச் சுவரில் மோதினார். அவர் இரும்புக் கம்பியை எடுத்து அண்ணனின் முழங்காலில் ஒன்று வைத்துவிட்டு வெளியே நடந்தார். அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை.

அடுத்து ஒரு கேன்டீன் சமையல்கூடத்தில் வேலை. சில தொழிற்சாலைகளுக்கு மதியச் சாப்பாடு அங்கிருந்துதான் போகும். சூடான சூப்பைக் கேரி பேக்கில் ஊற்றி ரப்பர் பேண்ட் போடுவது அவர் வேலை. பைகள் வந்தது அண்ணன் பட்டறையிலிருந்து. எங்கே போனாலும் விடமாட்டேன் என்கிறானே என்று சிரித்தாராம். அங்கே தலைமைச் சமையல்காரரிடம் தடித்த, பால் நிறத்தில் ஒரு பை இருந்தது. அதில் இறைச்சியைப் போட்டு ஃப்ரீசரில் வைப்பார், அப்படியே எடுத்துக் கொதிக்கும் தண்ணீரில் போடுவார், கழுவிக் கொக்கியில் மாட்டுவார், மறுநாள் அதே பை. சிலிக்கான் என்றார். சுத்தியல் அதை ஒருநாள் இரவல் வாங்கிக்கொண்டு போய் வீட்டில் சித்திரவதை செய்தார். மேலே ஏறிக் குதித்தார், அம்மிக்கல்லைப் போட்டார், அடுப்பில் கொதிக்கவிட்டார், இழுத்துக் கதவிடுக்கில் நசுக்கினார். கத்தியால் குத்தியபோதுதான் செத்தது. மறுநாள் சமையல்காரரிடம் வாங்கிய திட்டு அவருக்கு உறைக்கவே இல்லை; அந்த மாதிரிப் பையைத் தானே செய்து விற்பது என்று முடிவு செய்துவிட்டிருந்தார்.

ரப்பர் வாஷர் செய்துகொண்டிருந்த ஒருவர் மூடிய கடையிலிருந்து ஒரு பழைய பிரஸ் கிடைத்தது. மேலும் கீழும் சூடான இரும்புத் தட்டுகள். லீவரை இழுத்தால் கீழ்த் தட்டு மெதுவாக மேலே ஏறி, நடுவில் இருக்கும் அச்சை அழுத்தும். அச்சுக்குள் வைத்த சிலிக்கான் உருண்டை பையாகி வெளியே வரும். அச்சை, லேத்தில் இரும்பு கடையும் கடைசல்காரர் ஒருவர் செய்து கொடுத்தார். அதில் முக்கியமான இடம் பையின் வாய். ஒரு பக்கம் வரம்பு, மறுபக்கம் பள்ளம். இரண்டும் பொருந்தினால்தான் பை மூடும். அங்கே மயிரிழை பிசகினாலும் சூப் ஒழுகும்.

விற்பது அடிதடியைவிடக் கஷ்டமாக இருந்தது. கழுவ வேண்டும் என்றதும் எல்லோரும் முகத்தைத் திருப்பினார்கள். இறைச்சிக் கடைக்காரர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கழுவித்தான் வைக்கணும்னா பாத்திரம் எதுக்கு இருக்கு?" என்றார்.

"பாத்திரம் நசுங்குனா நசுங்குனதுதான். இது எந்திரிச்சு நிக்கும், என்னை மாதிரி."

கடைக்காரர் வாங்கிக்கொண்டார். பயந்து வாங்கினாரா, பிடித்து வாங்கினாரா என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை.

பிறகு அந்தக் கேன்டீனே வந்தது. கேரி பேக்கை அடியோடு நிறுத்துகிறோம், எல்லாத் தொழிற்சாலைக்கும் உன் பைதான், காலியானதை வண்டி திருப்பிக் கொண்டுவரும், நாங்களே கழுவிக்கொள்கிறோம் என்றார் சமையல்காரர். ஒரே நிபந்தனை: நாளைக் காலை எல்லாப் பையும் வந்து சேர வேண்டும். குறைந்தாலோ ஒழுகினாலோ பழையபடி கேரி பேக். சுத்தியலுக்கு அது வாழ்வா சாவா என்ற ஆர்டர். அண்ணனுக்கு அது இருந்ததிலேயே பெரிய வாடிக்கை.

அன்று மதியமே அண்ணன் வந்தார், இரண்டு ஆட்களோடு. சுத்தியலின் வீட்டுக்காரர் வாசலில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை, சௌக்கியமா?" என்று கேட்டுக்கொண்டே அண்ணன் அவர் வயிற்றில் குத்தினார். ஆட்கள் அவரை மேஜைக்கடியில் உதைத்துத் தள்ளினார்கள். அடுக்கி வைத்த பைகள் தரையில் சிதறின. உள்ளே சிலிக்கான் எடை போட்டுக்கொண்டிருந்த சுத்தியல் வெளியே ஓடி வருவதற்குள் அண்ணன் பிரஸ்ஸிடம் போய்விட்டார்.

அவர் பிரஸ்ஸை உடைக்கவில்லை. தீ வைக்கவில்லை. தொழில் தெரிந்தவர் அல்லவா. திறந்திருந்த தட்டுகளுக்கு நடுவே வலது கையை விட்டு, அச்சின் வாய்ப் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். கண்ணாடி மாதிரி இருந்த இரும்பில் குறுக்காக ஒரு கோடு விழுந்தது.

சுத்தியல் பின்னாலிருந்து அவர் முடியைக் கொத்தாகப் பிடித்தார். முழங்காலை முதுகில் ஊன்றி, மார்பு இரும்புச் சட்டத்தில் இடிக்கும்படி அழுத்தினார். அண்ணனின் கை முழங்கைவரை உள்ளே இருந்தது. சுத்தியல் மறு கையால் லீவரை இழுத்தார். கீழ்த் தட்டு ஏறத் தொடங்கியது. ஆட்கள் பாய்ந்து வந்தார்கள்.

"ஒரு அடி எடுத்து வச்சா உங்க முதலாளி நாளையிலிருந்து இடது கையாலதான் சாப்பிடணும்" என்றார். அவர்கள் நின்றுவிட்டார்கள்.

இடைவெளி நான்கு விரற்கடையாகச் சுருங்கியது. கையிலிருந்த முடி பொசுங்கி நாற்றம் வந்தது. முழங்கை மேல்தட்டில் பட்டுச் சுரீர் என்றது. அண்ணனின் நெற்றியிலிருந்து வியர்வை தட்டில் சொட்டி ஆவியானது. ஆனாலும் அவர் கெஞ்சவில்லை.

"இழுடி. அப்பனுக்குப் பிறந்தவதானே, இழு பாப்போம்."

சுத்தியலின் கை லீவரில் இறுகியது. இழுத்திருப்பேன் என்றுதான் இப்போதும் சொல்கிறார். அந்த நேரத்தில் அவர் பார்த்தது அண்ணனின் கையையும் அதற்குக் கீழே இருந்த கோட்டையும். கடைசல்காரர் சாவு வீட்டுக்கு வெளியூர் போயிருந்தார். அந்தத் தெருவில் இரும்பின் முகத்தைக் கல்லால் தேய்த்துச் சமன்படுத்தத் தெரிந்த இன்னொரு கை அதுதான். பை ஒட்டும் பட்டைகளையும் கத்திகளையும் இத்தனை வருஷமாகத் தேய்த்துப் பழகிய கை.

லீவரைத் திருப்பினார். தட்டு இறங்கியது.

கை வெளியே வந்த அதே வேகத்தில் அண்ணன் திரும்பி அவர் முகத்தில் குத்தினார். உதடு கிழிந்து ஒரு பல் ஆடியது. அவர் பக்கத்தில் கிடந்த அலுமினியத் தட்டை எடுத்து அண்ணனின் காதோரம் அடித்தார். அண்ணன் ஸ்டூலில் போய் விழுந்தார். மேஜைக்கடியிலிருந்து வீட்டுக்காரரின் குரல் கேட்டது: "ஏம்மா, கேன்டீன்லருந்து போன். என்ன சொல்றது?"

சுத்தியல் ரத்தத்தைத் துப்பினார். அண்ணனைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"அச்சுல கீறல், சரி பண்ணத் தெரிஞ்ச ஆள் இந்தத் தெருவுல யாரும் இல்லன்னு சொல்லுங்க. கீறத்தான் ஆள் இருக்குன்னு சொல்லுங்க."

அண்ணன் காதைத் தடவிக்கொண்டே எழுந்து அச்சின்மேல் குனிந்து கீறலைப் பார்த்தார். பிறகு ஆட்களில் ஒருவரைப் பட்டறைக்கு அனுப்பி எண்ணெய்க் கல்லையும் பாலிஷ் பேஸ்ட்டையும் கொண்டுவரச் சொன்னார். இன்னொருவரைச் சிதறிய பைகளைப் பொறுக்கச் சொன்னார். முழங்கையில் தோல் உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் தங்கையே ஈரத்துணியைச் சுற்றினார், வேண்டுமென்றே இறுக்கமாக.

பொழுது சாயும்வரை அண்ணன் அச்சைத் தேய்த்தார். தேய்த்த நேரமெல்லாம் திட்டினார். அச்சு செய்தவனுக்குக் கண்ணே இல்லை, பள்ளத்தின் ஓரம் மழுங்கல், இதை வைத்துக்கொண்டு எனக்குப் போட்டியா என்றார். கோடு மறைந்த பிறகும் கல்லைக் கீழே வைக்கவில்லை. கடைசல்காரர் விட்ட பிசிறையும் எடுத்தார். விளக்கின் கீழே சாய்த்துப் பார்த்தார், நகத்தால் வருடிப் பார்த்தார், தேய்த்தார்.

முதல் பை வெளியே வந்ததும் சுத்தியல் கொதிக்கும் தண்ணீரை அதில் ஊற்றினார். வாயை அழுத்தி மூடினார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அண்ணனின் மடிக்கு நேர்மேலே தலைகீழாகப் பிடித்தார்.

"ஆடாதே."

"ஒழுகுச்சு, உன்னைக் கொன்னுடுவேன்."

"ஒழுகுச்சுன்னா நீ தேய்ச்சது அப்படின்னு அர்த்தம்."

அண்ணன் கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டார். எல்லோரும் பையின் வாயையே பார்த்தார்கள். ஒரு சொட்டு விழவில்லை.

"தண்ணி கெட்டியான சாமான். இடுக்குல நிக்கும்" என்றார் அண்ணன். "எண்ணெய்தான் பூந்து வரும். எண்ணெயைக் காய்ச்சி ஊத்து."

வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைக்கப் போனார். அண்ணன் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. எண்ணெய் காய்ந்து வந்தது, பை நிறைந்தது, மறுபடியும் அவர் மடிக்கு மேலே தொங்கியது. சுத்தியல் கை வலிக்கும்வரை பிடித்திருந்தார். வெளிப்புறம் விரலை ஓட்டிப் பார்த்தார். காய்ந்த விரலாகவே வந்தது.

அண்ணன் எழுந்து கல்லைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். அந்தக் கேன்டீனுக்குத் தன் வண்டி இனிமேல் போகாது என்பது அவருக்குத் தெரியும். வாசல்வரை போய்த் திரும்பி வந்து தங்கையின் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தார். ஆடிக்கொண்டிருந்த பல் கழன்று விழுந்தது. சுத்தியல் திருப்பி அடிக்கவில்லை. அடிக்க நேரமில்லை, அச்சு ஆறிக்கொண்டிருந்தது. அடுத்த உருண்டையை வைத்து லீவரை இழுத்தார்.