திருகின் சத்தத்தை நம்பினேன்

எங்கள் காருக்கு, வேறொருவர் பாவித்துக் கழற்றிய ஷொக் அப்சோபர்கள் வாங்கினேன்; பள்ளங்களில் காரின் துள்ளலை அடக்குபவை. திருகினால் இறுக்கம் கூடிக் குறையும் வகை. திருகு 'டிக், டிக்' என்றது. நல்லவைதான் என்று அதையே நம்பிக் காரில் பூட்டிவிட்டேன்.

சில நாளில் மனைவிக்குப் பிரசவ வலி. மானிப்பாய் ஆஸ்பத்திரிக்கு விரைகையில், சண்டிலிப்பாயில் பள்ளமொன்றில் விழுந்த கார், அடங்காமல் துள்ளித் துள்ளித் தோட்டக் கிணற்றை நோக்கி ஓடியது.

"ஐயோ, என்ரை பிள்ளை!" என்று அவள் கதறினாள்.

கிணற்றுக் கட்டில் உரசி நின்றது. வீதிக்கு ஓடி ஓர் ஓட்டோவை மறித்தேன். "அண்ணை, காப்பாத்துங்கோ!"

அன்று மகள் பிறந்தாள்.

பிறகு ஷொக்குகளைக் கழற்றி, திருகை இளக்கியும் இறுக்கியும் கையால் அமுக்கினேன். எப்படி வைத்தாலும் அவற்றின் தண்டுகள் தடையின்றி உள்ளே போயின. தடை கொடுக்க வேண்டிய உள் எண்ணெய் எப்போதோ ஒழுகிவிட்டிருந்தது.

இப்போது அப்படி அமுக்கிப் பார்க்காமல் ஷொக் வாங்குவதில்லை. மனைவியோ, காரின் மூலையை அமுக்கி, அது ஒருமுறை எழும்பி அடங்கினால்தான் பிள்ளையோடு ஏறுகிறாள்.